பல்லவிக்கு முன்னால் ஓர் அடி

ஜனவரி 14

அன்புள்ள வாலுக்கு,

ஒரு பாட்டு நல்ல பாட்டுதானா என்று எதை வைத்துச் சொல்வது? நீ கேட்டுவிட்டாய், எனக்குப் பதில் தெரியவில்லை. ஐம்பதை எட்டப்போகிறவள், பல்கலைக்கழகத்தில் இரண்டு பட்டம் வாங்கியவள், இப்படி எழுதுவது அழகில்லைதான். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவது அதைவிட அழகில்லை.

இங்கே இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. உன் மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது? பகலெல்லாம் பேருந்தின் ஸ்டியரிங், மாலையில் டிரம்ஸ் குச்சி என்றால் எந்தக் கை தாங்கும்?

பயிற்சி அறையில் பதிவு செய்து நீ அனுப்பிய கேசட்டை மூன்று முறை கேட்டேன். முதல் முறை இரைச்சலாக இருந்தது. இரண்டாம் முறை இரைச்சலுக்குள் ஒரு பாட்டு இருப்பது தெரிந்தது. மூன்றாம் முறை, நிறுத்தத்தில் நிற்காமல் போகும் ஒரு பேருந்தைப் பற்றிப் பாடுகிறீர்கள் என்று புரிந்தது. உங்கள் பாடகருக்குப் பல்வலியா?

அம்மாவும் கடைசிவரை கேட்டாள்.

"குழுவுக்குப் பேரு என்ன வெச்சிருக்காங்க?"

"மின்வெட்டு."

"பொருத்தமான பேருதான். கேக்கும்போதே கண்ணு இருட்டுது."

ஆனால் அவள் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வலிக்கிறதென்று காலையில் மாத்திரை கேட்டு வாங்கிய அதே கால்.

உனக்குத் தெரியும், என் வேலை நிலநடுக்கத்தை அளப்பது. நடுக்கம் எங்கே, எப்போது, எவ்வளவு என்று கேட்பார்கள். நன்றாக இருந்ததா என்று இந்த ஆய்வு மையத்தில் இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. ஆகவே என் கருத்தை எதிர்பார்த்துக் காத்திருக்காதே.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுறேன். உன்னை மாதிரி எனக்கு எழுத வராது, பேசுற மாதிரிதான் வரும். நான் நல்லா இருக்கேன். மணிக்கட்டுக்குத் துணி சுத்திக்கிட்டு ஓட்டுறேன். அம்மா முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் குடு, மாத்திரையை மட்டும் நம்பாதே.

மூணு தடவை கேட்டியா! நான் படிப்பை விட்டுட்டு பஸ் ஓட்டப் போறேன்னு சொன்னப்பகூட நீ ஒரு தடவைதான் கேட்ட. அந்தக் கேசட்டைப் பத்திரமா வை.

எங்க பாட்டுக்காரன் கொக்குக்குப் பல்வலி எல்லாம் இல்ல. அவன் பாடுறதே அப்படித்தான். லிஃப்ட் ரிப்பேர் பண்றவன், பாதி நேரம் கிணறு மாதிரி குழிக்குள்ளயே நின்னு பாடிப் பழகிட்டான். கிட்டார் வாசிக்கிறவர் கணக்கு வாத்தியார். பேஸ் கிட்டார் வாசிக்கிறவனுக்கு 'ம்'னு பேரு. அதுக்கு மேல அவன் பேசி யாரும் கேட்டதில்ல.

இப்ப சேதி. ரெண்டாவது சிங்கிள், அதான் ஒத்தப் பாட்டுத் தட்டு, போடுறோம்! அந்தப் பஸ் பாட்டுதான். முதல் சிங்கிள் இருநூறு தட்டு போட்டதுல நூத்தியெழுபது இன்னும் கொக்கு கட்டிலுக்கு அடியில இருக்கு. இந்தத் தடவை ஒரு நிஜ இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் கிடைச்சிருக்கார். "தாளம் மட்டும் கடிகாரம் மாதிரி இருக்கணும்மா, மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன்"னார். வர்ற செவ்வாய்க்கிழமை ஒலிப்பதிவு. டிப்போவுல கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கியிருக்கேன். பதிலுக்குப் புதன்கிழமை ரெண்டு ட்யூட்டி சேர்த்துப் பார்க்கணும். பரவாயில்ல.

அக்கா, நம்ம வீட்ல பாத்திரத்துல அடிச்சு அடி வாங்கினவ கை ஒரு இசைத்தட்டுல ஏறப்போகுது. அம்மாகிட்ட சொல்லு.

உன் அன்பான
வாலு

*

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்கணும்.

தட்டு வந்துடுச்சு. இதோட அனுப்பியிருக்கேன், ஓரம் வளையாம எடு. உறையில இருக்கிற நீலக் கதவு எங்க டிப்போ பழைய வண்டியோட கதவு. பின்பக்கம் பேரெல்லாம் போட்டிருக்கு. என் பேரு கடைசியில, சின்னதா.

காலேஜ் ரேடியோவுல ரெண்டு தடவை போட்டாங்களாம். கொக்கு கட்டிலுக்கு அடியில இந்தத் தடவை ஒண்ணுகூட இல்ல.

கேட்டுட்டு எழுது. எழுதலைன்னாலும் பரவாயில்ல. ட்யூட்டிக்கு நேரமாச்சு.

வாலு

*

ஏப்ரல் 4

அன்புள்ள வாலுக்கு,

இருவரும் நலம். உன் ஒத்தடம் பலித்தது. அம்மா மாடிப்படி ஏறி இறங்குகிறாள், யார் பேச்சும் கேட்காமல்.

உன் இசைத்தட்டைக் கேட்டோம். ஒலிப்பதிவு எப்படி நடந்தது என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அடக்கம் உனக்குப் பழக்கமில்லாத ஒன்றாயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். பரவாயில்லை, நீ எழுதாததை நான் அளந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். தட்டை மையத்துக்கு எடுத்துப் போயிருந்தேன். எங்கள் இயக்குநர் உறையைத் திருப்பிப் பார்த்தார்.

"உங்க தங்கச்சியா டிரம்ஸ்? கை போன போக்குல அடிக்கிறதுதானே அதெல்லாம்."

எனக்குக் கோபம் வருவதில்லை என்று நீ சொல்வாய். அன்று வந்தது. உபரியாக இருந்த ஓர் அதிர்வுமானியை ஒலிபெருக்கியின் மேல் வைத்து, பதிவுக் காகிதத்தை வினாடிக்கு ஐந்து சென்டிமீட்டர் வேகத்தில் ஓடவிட்டேன். பெரிய டிரம்மின் குத்து ஒவ்வொன்றும் மேடுமேடாக, தனியாகத் தெரிகிறது. பூதக்கண்ணாடியும் அளவுகோலும் வைத்து இரண்டு மதிய உணவு வேளைகளில் அளந்து முடித்தேன். மூன்று நிமிடம் பத்து வினாடியில் முந்நூற்று எண்பது அடிகள். அடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எங்கேயும் வினாடியில் நூறில் ஒரு பங்குக்கு மேல் மாறவில்லை.

நம்பாமல் இன்னொரு முறை அளந்தேன். அதே கணக்கு.

காகிதம் ஒன்பதரை மீட்டர். எங்கள் நடைபாதையின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் ஒட்டி, கீழே உன் பெயரை என் கையால் எழுதியிருக்கிறேன். இயக்குநர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்தார். "மனுஷக் கையா இது?" என்றார். "என் தங்கை கை" என்றேன்.

நீ பாத்திரத்தில் தட்டிய காலத்தில் உன்னை அதட்டியவள் நான்தான். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இது சாதாரண வேலை இல்லை, வாலு. துல்லியம் என்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். என் வாழ்க்கை முழுவதும் அதைத்தான் துரத்தியிருக்கிறேன்.

அம்மா மட்டும் தட்டு சுற்றும்போது, "இது அவ இல்லடி" என்றாள். காகிதத்தைக் காட்டினேன். "எனக்கெதுக்குடி காகிதம்? பதினஞ்சு வருஷம் என் சமையலறையில அடிச்சவ சத்தம் எனக்குத் தெரியாதா?" என்கிறாள். அவளுக்குக் காது மந்தமாகி வருகிறது என்று நினைக்கிறேன். மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

பெருமையுடன்,
அக்கா

*

மே 8

அன்புள்ள வாலுக்கு,

நலம்தானே? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடிதம் கிடைத்ததா? மணிக்கட்டு மோசமா? அம்மாவின் காதில் கோளாறு எதுவும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

இத்துடன் ஒரு பத்திரிகைத் துண்டு வைத்திருக்கிறேன். வாரந்தோறும் நில அதிர்வுக் குறிப்பு வாங்க வரும் நிருபர் சுவரைப் பார்த்துவிட்டு எழுதியது. 'கடிகாரத்தைத் தோற்கடிக்கும் பேருந்து ஓட்டுநர்' என்று தலைப்பு. மிகைதான். ஆனால் எண்கள் சரியாக வந்திருக்கின்றன. நானே சரிபார்த்துக் கொடுத்தேன். அம்மா அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். "அவ இல்லைன்னியே?" என்று கேட்டேன். "பேரு அவ பேருதானே" என்றாள்.

இரண்டு வரியாவது எழுது.

அக்கா

*

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கடிதம் ரெண்டும் கிடைச்சுது. வேலை ஜாஸ்தி.

அந்தச் செய்தியைப் பார்த்துட்டு இங்க பெரிய ரேடியோவுல கூப்பிட்டிருக்காங்க. ஜூலை அஞ்சு, சாயங்காலம் ஆறு மணி. நேரடி நிகழ்ச்சி. அறிவிப்பாளர் பக்கத்துல கடிகாரம் வெச்சுக்கிட்டு என்னை வாசிக்கச் சொல்வாராம்.

அந்தக் காகிதத்தைச் சுவத்துலேர்ந்து எடுத்துடேன் அக்கா. வர்றவங்க போறவங்க கை பட்டு அழுக்காயிடும்.

அம்மாவை மாடிப்படி ஏற விடாதே.

வாலு

*

ஜூன் 1

அன்புள்ள வாலுக்கு,

அம்மாவும் நானும் சுகம். உன் சுகத்தைப் பற்றி நீ எழுதிய ஒரே சொல்லை நம்பவேண்டியிருக்கிறது.

என் தங்கை இவ்வளவு சின்னக் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. அம்மாவோ தினமும் சாப்பிடும்போது "அது அவ இல்லடி" என்கிறாள். காது மருத்துவர் வேறு அவள் பக்கம் சேர்ந்துவிட்டார். இப்படி மூன்று பேர் ஒரு பக்கம் நிற்கும்போது அளவை இன்னொரு முறை பார்ப்பதுதான் எங்கள் வேலையில் வழக்கம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாத நேரத்தில், ஜனவரியில் நீ அனுப்பிய கேசட்டை எடுத்துப் போய் அதே கருவியில் ஓடவிட்டேன்.

கவனித்ததை அப்படியே எழுதுகிறேன்.

சரணங்களில் நீ கொஞ்சம் ஓடுகிறாய், கொஞ்சம் தேங்குகிறாய். எல்லோரும் செய்வதுதான். ஆனால் பல்லவிக்கு முந்தைய கடைசி அடி ஒவ்வொரு முறையும் தாமதமாக விழுகிறது. நூறில் ஒன்பது பங்கு வினாடி. பல்லவி ஐந்து தடவை வருகிறது. ஐந்து தடவையும் அதே ஒன்பது. கேசட் ஓடும் வேகத்தில் இருக்கக்கூடிய பிழையைக் கழித்தும் பார்த்துவிட்டேன்.

பிழை என்றால் சிதறும், வாலு. ஒரு தடவை ஐந்து, ஒரு தடவை பதினைந்து, ஒரு தடவை ஒன்றுமே இல்லை என்று வரும். இது சிதறவில்லை. தெரிந்து செய்தால் ஒழிய இப்படி ஒரு கோடு விழாது. இருபத்தைந்து வருடமாகக் கோடு படிக்கிறேன். பூமியிடம்கூட இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

இசைத்தட்டின் காகிதத்தில் இது இல்லை.

அவ்வளவுதான் நான் கவனித்தது. கேள்வி எதுவும் கேட்கவில்லை.

மணிக்கட்டுக்கு ஓய்வு கொடு.

அக்கா

*

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேக்கலைன்னு எழுதினதும்தான் எனக்கு அழுகை வந்துச்சு. கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாலு மணி நேரம், பதினோரு தடவை வாசிச்சேன். ஒவ்வொரு தடவையும் கம்பெனிக்காரர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தலையை ஆட்டினார். "இழுக்குது. பல்லவிக்கு முன்னாடி இழுக்குது." எனக்கு அது இழுக்கிறது இல்ல அக்கா. ஸ்டாப்ல எல்லாரும் ஏறியாச்சு, கடைசி ஆள் ஒருத்தர் பையைத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றார். கிளட்சை விடாம ஒரு நொடி பிடிச்சு வெச்சிருப்போம். அவர் காலு படியில பட்டதும் விடுவோம். அந்தப் பாட்டே அதுதானே. நிக்காத பஸ்ஸைப் பத்திப் பாட்டு, அதுல ஒரே ஒரு அடி மட்டும் நிக்குது. அதை எடுத்துட்டா வெறும் வண்டிதான் ஓடும்.

மறுநாள் புதன்கிழமை எனக்கு ரெண்டு ட்யூட்டி. முடிச்சுட்டு சாயங்காலம் யூனிஃபார்மோட ஸ்டுடியோவுக்குப் போனேன். பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு. யாரோட பாட்டு இதுன்னு முதல்ல நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது. நான் வண்டியில இருந்த நேரத்துல வேற ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து என் இடத்துல வாசிக்க வெச்சு எடுத்துட்டாங்க. ஸ்டுடியோ ஸ்டுடியோவாப் போய் வாசிக்கிறவர், நல்ல வாசிப்பாளர்தான், நான் பார்த்ததுகூட இல்ல. கொக்கு தரையைப் பார்த்தான். வாத்தியார் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே இருந்தார். 'ம்'தான் வாயைத் திறந்தான்: "சொல்லிட்டுச் செஞ்சிருக்கணும்."

கம்பெனிக்காரர் கேட்டார், "பாட்டு வெளிய வரணுமா, உன் கை வெளிய வரணுமா? பேரு உன் பேருதான் போடப்போறோம், யாருக்குத் தெரியும்?" பாட்டு வரட்டும்னுட்டேன்.

அப்புறம் உன் ஏப்ரல் மாசக் கடிதம் வந்துச்சு. முப்பத்தஞ்சு வருஷத்துல நீ என்னைப் பாராட்டி எழுதின முதல் கடிதம். அதுவும் வேற ஒருத்தருக்குச் சேர வேண்டியது. சட்டைப் பையில வெச்சுக்கிட்டே ஒரு மாசம் வண்டி ஓட்டினேன். படிக்கவும் முடியல, கிழிக்கவும் முடியல.

இப்ப ரேடியோ. கம்பெனிக்காரர் திட்டம் என்ன தெரியுமா? அந்த வாசிப்பாளரையே ரேடியோவுக்கும் கூட்டிட்டு வருவாராம். நான் பக்கத்துல உட்கார்ந்து பேட்டி மட்டும் குடுக்கணுமாம். "ரேடியோதானே, யாரு முகம் பார்க்கப்போறாங்க?" முடியாதுன்னா அடுத்த பாட்டு கிடையாதாம், குழுவுக்கே கிடையாதாம். நான் ஒருத்தி வீம்பு பிடிச்சா மூணு பேர் பொழப்பு போகும். நான் பேசாம இருந்தா, வாழ்நாள் முழுக்க என் குழுவுல நான் பேட்டி குடுக்கிறவ.

எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல.

அம்மாகிட்ட சொல்லிடாதே.

வாலு

*

ஜூன் 17

அன்புள்ள வாலுக்கு,

நலம்.

முதலில் என் தவறு. உறையில் இருந்த பெயரைப் பார்த்தேன், அளவை அதற்குக் கீழே எழுதிவிட்டேன். எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று சரிபார்க்காத கோட்டுக்குப் பெயர் எழுதக்கூடாது என்பது எங்களுக்கு முதல் வருடப் பாடம். இரண்டு பட்டமும் இருந்தென்ன, அம்மாவின் காது போதுமாயிருந்தது. உன்னைப் பாராட்டியதாக நினைத்து உன் வாயை அடைத்துவிட்டேன். அதை ஊர் வாய்க்கும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மன்னித்துக்கொள்.

சுவரிலிருந்து காகிதத்தை எடுத்துச் சுருட்டிவிட்டேன். எறியவில்லை. அளவில் தவறில்லை, பெயர்தான் தவறு. உன் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன்.

பத்திரிகைக்கு ஒரு திருத்தக் குறிப்பும் எழுதிவிட்டேன். என் பெயரில், என் தவறு என்று. அதை இன்று கொடுத்தால் உன் குழுவுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆகவே மேசை இழுப்பறையில் இருக்கிறது. நீ சொன்னால் கொடுப்பேன். ஜூலை ஐந்தாம் தேதிக்குப் பிறகு நீ சொல்லாவிட்டாலும் கொடுப்பேன். அதற்குமேல் என்னால் பொய்யான ஓர் எண்ணோடு இருக்க முடியாது.

இதைச் செய், அதைச் செய் என்று எழுதமாட்டேன். நான் சொல்லி நீ எதைக் கேட்டாய்? கேட்டிருந்தால் இன்று ஏதாவது அலுவலகத்தில் கோப்பு கட்டிக்கொண்டிருப்பாய். அந்த ஒன்பது பங்குத் தாமதம் உலகத்தில் இருந்திருக்காது.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படிக்கும்போது என் முகத்தைப் பார்த்தாள். "சொன்னேனா இல்லையா?" என்றாள். அவ்வளவுதான்.

அக்கா

*

ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

மணிக்கட்டு நல்லாயிடுச்சு. அம்மா எப்படி? நீ எப்படி? ராத்திரி கண்ணு முழிச்சுக் கோடு பார்க்காதே.

நேத்து நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். பேச்சுன்னா பேச்சா. கொக்கு கத்தினான், "ரெண்டு வருஷமா லிஃப்ட் குழியில கிடந்து கனவு கண்டிருக்கேன், கெடுத்துடாதடி." நான் சொன்னேன், "என் கனவைக் கெடுத்தப்ப நீ தரையைப் பார்த்தியே, இப்பவும் பாரு." வாத்தியார் நடுவுல வந்து, "ரெண்டு பேரும் கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க"ன்னார். ராக் குழுவுல சத்தத்தைக் குறைக்கச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். எல்லாருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம்தான் பேச முடிஞ்சுது.

நான் உன் ஜூன் ஒண்ணாந்தேதிக் கடிதத்தைப் படிச்சுக் காட்டினேன். அந்தச் சிதறாத கதையை. வாத்தியார் கணக்கு வாத்தியாராச்சே, வாங்கி ரெண்டு தடவை படிச்சார். "அஞ்சு தடவையும் ஒம்போதா?"ன்னார். கொக்கு அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்தான். அப்புறம், "அந்த இடத்துல நான் மூச்சு எடுப்பேன். தட்டுல மூச்சு எடுக்க இடமே இல்ல, அதான் எனக்கு அந்தத் தட்டு பிடிக்கல"ன்னான். 'ம்' சொன்னது 'ம்'.

நான்தான் வாசிக்கப்போறேன். முதல்ல உண்மையைச் சொல்லிட்டு. கம்பெனிக்காரர்கிட்ட சொல்லியாச்சு. "அப்ப அதுதான் உங்க கடைசி நிகழ்ச்சி"ன்னுட்டு எழுந்து போயிட்டார்.

அஞ்சாந்தேதி ஆறு மணிக்கு ரேடியோ வை. திருத்தத்தை மறுநாள் குடு, நானே முதல்ல சொல்றேன்.

பயமா இருக்கு அக்கா.

வாலு

*

ஜூலை 5

அன்புள்ள வாலுக்கு,

இப்போது மணி ஏழு. வீட்டுக்கு வந்தவுடன் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இன்று இல்லை, இருந்திருந்தாலும் கவனித்திருக்கமாட்டாள்.

மையத்தில் வைத்துத்தான் கேட்டோம். அங்கேதான் அலைவரிசை தெளிவாக வரும். அம்மாவை வண்டி வைத்து அழைத்துப் போனேன். அவள் நேராகப் போய் இயக்குநரின் நாற்காலியில் உட்கார்ந்தாள், அவர் நின்றுகொண்டார். "கருவியை இணைக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டே, "உங்க அக்கா அளந்தே பார்த்துட்டாங்களாமே, கடிகாரத்தைவிடத் துல்லியமாமே?" என்றார். நீ, "அக்கா அளந்ததெல்லாம் சரிங்க. ஆள்தான் தப்பு. தட்டுல வாசிச்சது நான் இல்ல" என்றாய். வாசித்தவரின் பெயரைச் சொன்னாய். நல்ல வாசிப்பாளர் என்றும், அவர் பெயர் உறையில் இருந்திருக்க வேண்டும் என்றும் சொன்னாய். "இப்ப வாசிக்கிறது நான். கடிகாரத்தை வேணும்னா திருப்பி வெச்சுக்குங்க" என்றாய். உன் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. நடுக்கத்தைப் பற்றி நான் சொன்னால் நம்பலாம்.

இரண்டாம் சரணத்தில் ஓடிவிட்டாய். கொக்கு மூச்சு வாங்கிக்கொண்டே பின்னால் வந்தார். அது பிழைதான், நான் உன்னிடம் பொய் எழுதமாட்டேன்.

ஆனால் பல்லவி வந்தது. அதற்கு முன்னால் நீ பிடித்து வைத்தாய். நான் அதைக் காகிதத்தில் பார்த்திருக்கிறேன், எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியும். இன்றுதான் கேட்டேன். இயக்குநர் மேசைமேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தவர், அந்த இடத்தில் விரலைத் தூக்கியபடியே நின்றார். பிறகு நீ விட்டாய். எல்லா வாத்தியமும் சேர்ந்து இறங்கின. அம்மா, "இதுதான் அவ" என்றாள், யாரிடமும் இல்லை.

முடிந்ததும் இயக்குநர் என்னைப் பார்த்தார். "என் தங்கை" என்றேன். அவருக்குத் தெரிந்த விஷயம். ஆனாலும் சொன்னேன். நடைபாதையில் காவலாளி நின்றுகொண்டிருந்தார்; அவரிடமும் சொன்னேன்.

கம்பெனிக்காரர் என்ன செய்வார் என்று தெரியாது. எதுவானாலும் எழுது.

*

ஜூலை 6

கடிதத்தை நேற்று அஞ்சலில் சேர்க்கவில்லை. இன்று நடந்ததையும் நடந்தபடியே எழுதிவைக்கிறேன். நீ பின்னாளில் கூட்டியோ குறைத்தோ சொல்வாய். இது பதிவாக இருக்கட்டும்.

காலை ஒன்பதரைக்குத் திருத்தக் குறிப்பை நிருபரிடம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை இதழில் வரும் என்றார்.

பத்தே கால் மணிக்கு மையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. உன் தட்டில் வாசித்தவர். "இருபது வருஷமா வாசிக்கிறேம்மா. ரேடியோவுல என் பேரைக் கேட்டதும் என் வீட்டுக்காரி அடுப்பை அணைச்சுட்டு ஓடி வந்தா" என்றார். அன்று ஸ்டுடியோவில் உன் வாசிப்பைக் காதில் மாட்டிக் கேட்டுத்தான் பாட்டைக் கற்றுக்கொண்டாராம். அந்த ஓர் இடத்தை மட்டும் நேராக்கச் சொன்னார்களாம். "எனக்கே மனசில்ல. ஆனா கூலிக்கு வர்றவன் பேசக்கூடாது" என்றார். அந்த ஒன்பதரை மீட்டர் காகிதத்தைக் கேட்டார். அவர் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன்.

மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு நீ டிப்போவிலிருந்து பேசினாய். பின்னால் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததால் நீ கத்திச் சொன்னவை இவை. வானொலி நிலையம் உங்களை மறுபடியும் கூப்பிட்டிருக்கிறது. அதற்குப் பிறகு கம்பெனிக்காரர் கூப்பிட்டார். நேற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வருத்தமும் தெரிவிக்கவில்லை. அடுத்த பாட்டை வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பதிவு செய்யலாம், நீயே வாசி என்றார். வியாழக்கிழமை எனக்கு ட்யூட்டி என்றாய். மாற்றிக்கொள் என்றார். மாற்றமாட்டேன் என்றாய். அவர் ஏட்டைப் புரட்டுவது கேட்டதாம். பிறகு, "எத்தனை மணிக்கு வண்டியை டிப்போவுல விடுவ?" என்று கேட்டார். ஆறரை என்றாய்.

ஒலிப்பதிவு ஏழு மணிக்கு.

அக்கா